முகப்பருவுக்கு எதற்கு இத்தனை பிரசாரம்?

பினாங்கில் இப்போதெல்லாம் பேரங்காடி முகப்பிலும் இடைநிலைப்பள்ளி மண்டபத்திலும் தமிழ் வானொலியிலும் தோல் மருத்துவர்கள் முகப்பருவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பருவ வயதில் வந்து தானாகப் போய்விடும் ஒன்றுக்கு இவ்வளவு விழிப்புணர்வு எதற்கு, இதன் பின்னால் வியாபாரம் இருக்கிறதா என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார். படிவம் 4-இல் படிக்கும் தம் மகளுக்குக் கன்னத்திலும் தாடையிலும் பரு வந்திருப்பதாகவும், உறவினர் ஒருவர் நல்ல கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பதாகவும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஜார்ஜ்டவுனில் மருந்தாளராகப் பணிபுரிபவள் என்ற முறையில், அவருடைய கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்தக் கடைசிச் செய்தியில், அதாவது உறவினர் வாங்கித் தரப்போகும் கிரீமில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வியாபாரம் பற்றிய சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; அது நியாயமான சந்தேகம்தான். தோல் நலக் கண்காட்சிகளில் சிலவற்றுக்கு அழகுப்பொருள் நிறுவனங்கள் செலவு செய்கின்றன. மேடைக்குப் பக்கத்திலேயே அவற்றின் சோப்பும் சீரமும் விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கும். அதோடு, வெள்ளை அங்கி அணிந்து தோலைப் பற்றிப் பேசுகிறவர் எல்லாரும் தோல் மருத்துவ நிபுணர் அல்லர். நிபுணராகப் பதிவு பெற்றவர் ஒரு வகை. சுகாதார அமைச்சின் அனுமதியோடு அழகியல் சிகிச்சை அளிக்கும் பொது மருத்துவர் இன்னொரு வகை. மருத்துவப் பயிற்சியே இல்லாமல் அழகு நிலையம் நடத்துபவர் மூன்றாவது வகை. முதல் வகையா என்பதை மலேசியாவின் தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயரைத் தேடி யாரும் உறுதிசெய்துகொள்ளலாம். பேச்சின் முடிவில் ஒரு பொருளின் பெயரைச் சொல்கிறாரா, அல்லது முகத்தில் எதையெல்லாம் பூசுவதை நிறுத்த வேண்டும் என்று சொல்கிறாரா என்பதை வைத்தே நான் பேச்சாளரை எடைபோடுவது வழக்கம்.

பரு தானாகப் போய்விடும் என்பது பாதி உண்மை. 12 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது என்பது மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது காலப்போக்கில் தணிந்தும் விடுகிறது. ஆனால் பெண்களில் கணிசமானோருக்கு முப்பது வயதைக் கடந்த பின்னும் மாதவிலக்கை ஒட்டித் தாடையோரத்தில் வந்துகொண்டிருக்கிறது. ஆழமான கட்டிகளாக வந்தவர்களுக்கோ, பரு போனாலும் குழி போவதில்லை. அந்தக் குழியைப் பின்னாளில் லேசரும் ஊசியும் கொண்டு ஓரளவுக்குச் சமப்படுத்த ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) செலவாகும், முழுமையாக மறையவும் மறையாது. மருத்துவர்கள் முன்கூட்டியே பேச விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய காரணம், பரு குணமாவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஆண், பெண் இருபாலாரிலும் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகிறது. மயிர்க்கால் துளையின் உட்சுவரில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் நுண்ணுயிர் பெருகுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதனோடு மோதும்போது அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கோக்கிறது. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை முகம் கழுவும் பிள்ளைக்கும் பரு வரும், அதோடு தோல் வறட்சியும் சேர்ந்து வரும். அந்த முதல் அடைப்பு, கண்ணுக்குத் தெரியும் பருவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதைத்தான் பெரும்பாலோர் அறிவதில்லை. ஆகவே இன்று பூசத் தொடங்கும் மருந்து, அடுத்த மாதம் வரவிருக்கும் பருவைத் தடுக்கும்; இன்று முகத்தில் இருப்பது தன் போக்கில்தான் ஆறும். அடைப்பை இளக்கும் அடாபலீன், நுண்ணுயிரைக் குறைக்கும் பென்சாயில் பெராக்சைடு ஆகிய எதுவானாலும் பலன் தெளிவாகத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகிறது. தொடக்கத்தில் தோல் உரிந்து, பரு கூடிவிட்டது போலவும் தோன்றலாம். அந்தச் சமயத்தில்தான் பலர் மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு வழி தேடுகிறார்கள்.

அந்த வேறு வழி கைப்பேசியிலேயே காத்திருக்கிறது. ஏழே நாளில் முகம் தெளியும் என்று இணையத்திலும் இரவுச் சந்தையிலும் விற்பவர் சொல்கிறார். கசப்பான உண்மை என்னவென்றால், பல சமயம் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விடுகிறார். ஏனெனில் அந்தக் கிரீமில் அறிவிக்கப்படாத ஸ்டீராய்டு கலந்திருந்தால், அது வீக்கத்தையும் சிவப்பையும் சில நாட்களில் அமுக்கிவிடும், தோலின் நிறத்தையும் சற்றுக் குறைத்துக் காட்டும். மருத்துவர் தருவது மூன்று மாதத்தில் வேலை செய்கிறது, சந்தையில் வாங்கியது ஒரு வாரத்தில் வேலை செய்கிறது என்றால், பதினாறு வயதுப் பெண் எதை நம்புவாள்? விழிப்புணர்வுப் பேச்சு என்பது உண்மையில் இந்த ஒரு வாரத்தோடு நடக்கும் போட்டி.

மருந்தகத்துக்கு வருபவர்கள் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் டப்பாக்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும்: திருகுமூடி போட்ட சிறிய வெள்ளை டப்பா, இரவுக்கு மஞ்சளாக ஒன்று, பகலுக்கு வெள்ளையாக ஒன்று, மூடிமேல் தங்க நிற ஒட்டுத்தாள், உட்பொருள் பட்டியலும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. “அக்கா, இதைப் பூசினால் முகம் பளபளவென்று இருக்கிறது, இரண்டு நாள் விட்டால் எரிகிறது, இதே மாதிரி வேறு ஏதும் இருக்கிறதா?” என்று ஒரு பெண் கேட்டாள். கன்ன எலும்பின் மேல் மெல்லிய சிவப்பு இரத்தக்குழாய்கள் படர்ந்திருந்தன. தாடையோரத்தில் பூனைமுடி அடர்ந்திருந்தது. வாயைச் சுற்றி ஒரே அளவில் சிறுசிறு பருக்கள், ஆனால் உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் எதுவும் இல்லாமல் தெளிவாக இருந்தது. ஸ்டீராய்டை நீண்ட நாள் முகத்தில் பூசியவர்களிடம் தோல் மருத்துவர்கள் தேடிப் பார்க்கும் அடையாளங்கள் இவை. அவள் அந்தக் கிரீமை வாங்கியது நெற்றியில் வந்த நாலைந்து பருவுக்காக. இப்போது அதை நிறுத்தினால் சில வாரங்களுக்கு முகம் முன்னைவிட மோசமாகச் சிவந்து எரியும் என்பதையும், அந்தக் காலத்தை மருத்துவர் துணையோடு கடக்க வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்வதற்குள் அவள் முகம் வாடிவிட்டது.

சட்டம் இதற்கு உண்டு. சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, கலப்படம் கண்டுபிடிக்கப்பட்ட அழகுப்பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிடுகிறது. அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருபவை பாதரசம், தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், மருத்துவர் சீட்டில் மட்டும் தர வேண்டிய ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த பெட்டாமெத்தசோன் ஆகிய நான்கு. 1984-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, இத்தகைய பொருளை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வாங்குபவர் பார்க்க வேண்டியது, டப்பாவில் ‘என்ஓடி’ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி ‘கே’ என்று முடியும் அறிவிப்பு எண். ஆனால் அந்த எண் இருந்தாலே பொருள் சோதிக்கப்பட்டது என்று ஆகாது. தயாரிப்பாளர் தம் பொருளைப் பற்றி முகமைக்கு அறிவித்திருக்கிறார் என்பது மட்டுமே அதன் பொருள். எண் போலியாகவும் இருக்கலாம், இரத்துச் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால் முகமையின் இணையத்தளத்தில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

பாதரசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தோலோடு நிற்பதில்லை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் வெளியேறிக் கால் வீங்கி வந்த நோயாளிகள் சிலருக்குக் காரணம் அவர்கள் பூசிய வெளுப்புக் கிரீம்களில் இருந்த பாதரசம்தான் என்று சிறுநீரக மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி 2023-இல் வெளியானது. முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கும் என்று யாருக்குத் தோன்றும்? கிரீம் பூசுபவரின் சிறுநீரில் நுரை அதிகம் தெரிந்தால், கண்ணைச் சுற்றியோ காலிலோ வீக்கம் இருந்தால், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் ஒரே துண்டைப் பயன்படுத்துபவர்களுக்கும், அணைத்துத் தூக்கும் குழந்தைகளுக்கும்கூட அந்தப் பாதரசம் ஒட்டிக்கொள்ளக்கூடியது.

நம்மவர் இந்தக் கிரீம்களின் பக்கம் அதிகம் சாய்வதற்கு நம் தோலின் இயல்பும் ஒரு காரணம். மாநிறத் தோலில் வீக்கம் ஆறிய இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரந்து கருந்தழும்பு விழுகிறது. பரு ஒரு வாரத்தில் அடங்கினாலும் அந்தக் கறை பல மாதங்கள் நிற்கிறது. ஆகவே தமிழ்ப் பிள்ளை ஒருவர் ‘பரு போகவே இல்லை’ என்று சொல்லும்போது, பல சமயம் அவர் காட்டுவது பருவை அல்ல, கறையை. சீனத் தோழியின் முகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் வீக்கம் நம் முகத்தில் பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். ஆனால் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் அச்சாகும் முகங்கள் பெரும்பாலும் வெளிர்நிற முகங்கள். அதைப் பார்த்து நம் பிள்ளை தன் நிலையை எப்படி அடையாளம் காணும்? பேசும் மருத்துவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இது ஒன்றுதான். கறையைப் பற்றி மருத்துவர் பேசாமல் விட்டால், அதைப் பற்றி விற்பனையாளர் பேசிவிடுகிறார், அதுவும் ‘கறை’ என்று தொடங்கி ‘கறுப்பு’ என்று முடித்து.

கறைக்கு மருந்து வெளுப்புக் கிரீம் அல்ல. புதிய பரு வராமல் தடுப்பதும், இருப்பதைக் கிள்ளாமல் விடுவதும், வெயிலை மறைப்பதும் முதல் மூன்று வேலைகள். நம் நாட்டில் நண்பகலில் புறஊதாக் கதிர்க் குறியீடு 10-ஐத் தாண்டுவது சாதாரணம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குச் சன்ஸ்கிரீன் எடுத்தால்தான் சீசாவில் எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மாநிறத் தோலில் நிறமியைத் தூண்டுவதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் நமக்குக் கூடுதல் பயன் தரும். கன்னத்தில் மங்கு விழுந்த பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெளியே போவது மட்டும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சையின் சாற்றிலும் அதன் மேல்தோலிலும் உள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கி, வழிந்த தடம் அப்படியே கறையாக நின்றுவிடும். பற்பசைக்கும் இதே தடை உண்டு.

பரு போலத் தோன்றுவதெல்லாம் பருவும் அல்ல. நெற்றியிலும் மேல் முதுகிலும் ஒரே அளவில் சிறுசிறு முட்டுகளாக வந்து அரிப்பெடுத்தால், அது மலசேசியா என்ற பூஞ்சையால் மயிர்க்காலில் ஏற்படும் அழற்சியாக இருக்கலாம். வியர்வை காயாத நம் ஊர்ப் புழுக்கத்தில் இது அடிக்கடி காணப்படுகிறது. இதைப் பரு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் பூஞ்சைக்குப் போட்டியாக இருந்த பாக்டீரியாக்கள் குறைந்து நிலைமை மோசமாகிறது. தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் வழிந்து நெற்றி விளிம்பில் மட்டும் பரு வருவதுண்டு. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தலைக்கவசத்தின் வார் உரசும் தாடையில் வருவதுண்டு. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் பாலிலிருந்து எடுக்கும் ‘வே’ புரதப் பொடி குடிக்கத் தொடங்கிய பையன்களுக்கு முதுகில் வருவதுண்டு. சாப்பாட்டைப் பொறுத்தவரை, எண்ணெய்ப் பலகாரத்தைக் காட்டிலும் இனிப்பின் மீதுதான் சான்றுகள் அதிகம். ஆகவே வடையை விட்டுவிட்டுக் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரை நாளுக்கு மூன்று குவளை குடிப்பதில் பயன் இராது.

இதே கதை படர்தாமரையிலும் நடக்கிறது. ஊருக்குப் போய் வருகிறவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வாங்கி வரும் குழாய்களில், ஒன்றிலேயே ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். பூஞ்சையோ அடியில் படர்ந்துகொண்டே போகும். வட்ட விளிம்பு கலைந்துபோய், மருத்துவருக்கே அது படர்தாமரை என்று உடனே தெரியாத அளவுக்கு உருமாறிவிடும். இந்தியத் தோல் மருத்துவர் சங்கமே இந்தக் கலவைக் கிரீம்களுக்கு எதிராகப் பல ஆண்டுகளாகப் பிரசாரம் செய்து வருகிறது. இங்கே அதைப் பெட்டியில் வைத்துப் பாசத்தோடு கொண்டுவந்து கொடுக்கிறோம்.

பருவைக் காரணமாகக் கொண்டு மேடை ஏறும் மருத்துவர்கள் வேறு சிலவற்றையும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். பின்கழுத்தில் வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுத்திருப்பதை வீடுகளில் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குகிறார்கள். அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம் என்னும்போது, அந்தக் கழுத்தைப் பார்த்தவுடன் சர்க்கரைச் சோதனைக்கு அனுப்புவதே சரி. அக்கி வந்தால் காவி குழைத்து எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அக்கம்பக்கத்துச் சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அவரவர் முறை இருக்கிறது. எழுதுவதில் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் வைரசுக்கு எதிரான மாத்திரையை முதல் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் என்பதால், எழுதி முடித்துக் காத்திருக்கும் மூன்று நாள்தான் நஷ்டம். கண்ணருகே வந்தால் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சொரியாசிசும் வெண்புள்ளியும் தொற்றுவதில்லை என்பதை இன்னமும் சொல்ல வேண்டியிருக்கிறது. தோலில் வரும் எதையும் தொழுநோயோடு சேர்த்துப் பார்த்து ஒதுக்கும் பயம் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் நோயாளிகளை பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள், 1930-இல் கோலாலம்பூர் அருகே தொழுநோயாளிகளுக்கான சுங்கை பூலோ குடியிருப்பு எழுந்தது. இன்று தொழுநோயே மாத்திரையில் குணமாகிறது; உணர்ச்சியற்ற வெளிர் திட்டு இருந்தால் மறைக்காமல் காட்டினால் போதும். 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தோல் நோய்களைப் பொதுச் சுகாதார முன்னுரிமையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியிருப்பதால், இத்தகைய கூட்டங்கள் இனிக் கூடுமே தவிரக் குறையாது.

இனி, கேட்ட தாயாரின் மகளுக்கு வருவோம். கரும்புள்ளியும் சிறுபருவும் மட்டும் என்றால், மென்மையான சோப்பால் நாளுக்கு இருமுறை முகம் கழுவி, பென்சாயில் பெராக்சைடு 2.5 விழுக்காடு உள்ள ஜெல்லை மெலிதாக முகம் முழுவதும் பூசித் தொடங்கலாம். 10 விழுக்காட்டுக்கும் இதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை, எரிச்சல்தான் குறைவு. பள்ளிச் சீருடைக் கழுத்துப்பட்டையிலும் தலையணை உறையிலும் பட்டால் சாயம் போய்விடும் என்பதால் இரவில் பூசி, வெள்ளை உறை போட்டுக்கொள்ளட்டும். ஆழமான வலியுள்ள கட்டி, குழி விழுதல், மூன்று மாதம் பூசியும் பலனின்மை, பிள்ளை வெளியே போகவோ படம் எடுத்துக்கொள்ளவோ மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மாதவிலக்கு ஒழுங்காக வராமல், முகத்தில் முடியும் வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டியையும் சோதிக்கச் சொல்வார்கள்.

சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கிருந்து கடிதம் பெற்றுப் பினாங்கு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம், ஆனால் தேதி கிடைக்கக் காத்திருக்க நேரும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை தந்தால் பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் தொடர மாட்டார்கள், பூசும் மருந்து இல்லாமல் தனியாகவும் தர மாட்டார்கள். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் தரக்கூடும். அது மிகவும் பயனுள்ள மருந்து, ஆனால் கருவிலுள்ள குழந்தையின் உறுப்புகளைச் சிதைக்கக்கூடியது என்பதால் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. பிள்ளை சிறியவள்தானே என்று மருத்துவர் இந்தப் பேச்சைத் தவிர்க்க மாட்டார், தாயாரும் சங்கடப்பட வேண்டாம்.

போகும்போது, இதுவரை முகத்தில் பூசிய எல்லா டப்பாவையும் குழாயையும், பாட்டி அரைத்துக் கொடுத்த பொடியையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். உறவினர் அந்தக் கிரீமை ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும், திறக்காமல், அதே பையில் வைத்துவிடுங்கள்.